துபாயில் முதலீட்டுக்கு ஃபிளாட்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

சனி ஞாயிறு வந்தால் சென்னையிலோ கோவையிலோ ஏதாவது ஒரு நட்சத்திர ஓட்டலில் துபாய் ஃபிளாட் கண்காட்சி நடக்கிறது. அங்கே டோக்கன் கட்டிவிட்டுத் திங்கட்கிழமை எனக்கு போன் செய்பவர்கள்தான் இதை எழுதக் காரணம். ஊரில் இருக்கும் ஓனர்களுக்காக இங்கே துபாயில் ஃபிளாட்டுகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே தப்புகளை, வரிசைகூட மாறாமல், புதியவர்களும் செய்கிறார்கள். ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா, வெளிநாட்டவர் வாங்கக்கூடிய ஃப்ரீஹோல்ட் பகுதியா, பணம் எஸ்க்ரோ கணக்குக்குத்தான் (பில்டர் இஷ்டத்துக்கு எடுக்க முடியாத தனிக் கணக்கு) போகிறதா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சர்வீஸ் சார்ஜ் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

கோவைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற இன்ஜினியர். ஜுமேரா வில்லேஜ் சர்க்கிளில் ஒரு படுக்கையறை ஃபிளாட், 700 சதுர அடி, 10 லட்சம் திர்ஹம். வாடகை வருடத்துக்கு 70,000. "ஏழு பர்சென்ட் தம்பி, நம்ம ஊர்ல வீட்டை வாடகைக்கு விட்டா மூணு தேறுமா?" என்றார். வாங்கி முடித்த பிறகுதான் என்னிடம் வந்தார். சரி சார், கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன்.

முதலில், அவர் போட்டது 10 லட்சம் இல்லை. நிலத்துறைக்கு 4 சதவீதம், அதாவது 40,000. ஏஜென்ட் கமிஷன் 2 சதவீதம், அதற்கு வாட் சேர்த்து 21,000. பதிவுச் செலவு ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக மொத்தம் 10 லட்சத்து 66 ஆயிரம்.

அப்புறம் சர்வீஸ் சார்ஜ். லிஃப்ட், நீச்சல் குளம், ஜிம், காவல், கட்டட இன்சூரன்ஸ், பின்னாளில் வரும் பெரிய ரிப்பேருக்கான சேமிப்பு நிதி எல்லாவற்றுக்கும் ஓனர்கள் சதுர அடிக் கணக்கில் வருடாவருடம் கட்ட வேண்டியது. அவர் கட்டடத்தில் அடிக்கு 15 திர்ஹம். 10,500 அங்கே போயிற்று. பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு வாடகையில் 5 சதவீதம், 3,500. வாடகைதாரர் மாறும்போது ஒரு மாதம் காலி என்று வைத்தால் 5,800. ஏசி, பிளம்பிங் சில்லறை வேலைகள் 2,500. மிச்சம் 47,700. போட்ட பணத்துக்கு நாலரை சதவீதம்.

அதோடு முடியவில்லை. துபாயில் தனிநபருக்கு வருமான வரி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் சார் குடியிருப்பது கோவையில். இங்கே வரும் வாடகை அங்கே அவருக்கு வருமானம். 30 சதவீதக் கழிவு போக மிச்சத்துக்கு, அவர் இருக்கும் 30 சதவீத வரிப் படியில், சுமார் 14,000 திர்ஹம் போகும். கையில் நிற்பது மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஊர் வீட்டைச் சொல்லிச் சிரித்தாரே, அதே மூன்று.

இந்த 15 திர்ஹம் யாரும் ஒளித்து வைத்த ரகசியம் இல்லை என்பதுதான் என் கோபம். துபாய் நிலத்துறை இணையதளத்தில் சர்வீஸ் சார்ஜ் பட்டியல் இருக்கிறது. கட்டடத்தின் பெயரைப் போட்டால் ரேரா (நிலத்துறையின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அமைப்பு) அந்த வருடத்துக்கு அனுமதித்த தொகை வந்து நிற்கும். ஐந்து நிமிட வேலை. வாங்குபவர் பார்ப்பதில்லை, விற்பவர் வாய் திறப்பதில்லை. அடுத்தடுத்த கட்டடங்களிலேயே ஒன்றில் 12, இன்னொன்றில் 22 என்று இருக்கும். இரண்டாவதில் கூடுதலாக இரண்டு குளமும் ஒரு பளிங்கு லாபியும் இருக்கும். வாடகைதாரர் அதற்கென்று பெரிதாக ஒன்றும் கூட்டித் தரமாட்டார்.

கட்டாமல் இழுத்தடித்தால் 2019ஆம் ஆண்டின் 6ஆம் எண் சட்டம் இருக்கிறது. 30 நாள் நோட்டீஸ், பிறகு நீதிமன்றம், கடைசியில் ஃபிளாட் ஏலத்துக்கே போகலாம். விற்கப் போனாலும் பாக்கி தீராமல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வராது.

சில்லர் கட்டணத்தையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள். மையக் குளிரூட்டல் உள்ள கட்டடங்களில் ஏசி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு நிலையான கட்டணம் உண்டு. வீடு காலியாக இருந்தால் அது ஓனர் தலையில். கூடுதல் வாடகைக்குக் காத்திருந்த ஒருவர், அதுவரை ஏசியை முழுக்க அணைத்து வைக்கச் சொன்னார். எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் கதவைத் திறந்தால் அலமாரியின் உட்பக்கம் முழுக்கப் பச்சைப் பூஞ்சை. மெத்தை ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி. படுக்கையறைச் சுவரில் கை வைத்த இடத்தில் பெயின்ட் அப்பளமாக உரிந்து வந்தது.

வாடகைதாரரை நினைத்தபோது மாற்றலாம் என்ற நினைப்பு

ஆள் இருக்கும் ஃபிளாட்டை மலிவாக வாங்கி, அடுத்த வருடம் சந்தை வாடகைக்கு ஏற்றிவிடலாம் என்று ஒரு திட்டம் போடுவார்கள். நடக்காது. 2013ஆம் ஆண்டு ஆணைப்படி, இப்போதைய வாடகை, சராசரி வாடகையைச் சொல்லும் அரசுக் குறியீட்டைவிட 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் ஒரு திர்ஹம்கூட ஏற்ற முடியாது. 40 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தாலும் 20 சதவீதம்தான் உச்சம். விற்கவோ சொந்தமாகக் குடியிருக்கவோ காலி செய்யச் சொன்னால் நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ 12 மாத நோட்டீஸ். வாட்ஸ்அப்பில் அனுப்பியது கணக்கில் வராது. சொந்தக் குடியிருப்பு என்று சொல்லிக் காலி செய்தால், இரண்டு வருடம் வேறு யாருக்கும் வாடகைக்கு விடவும் கூடாது.

கண்காட்சியிலேயே கிரெடிட் கார்டு தேய்ப்பது

தேய்க்காதீர்கள். சொத்து வாங்குவது இந்தியாவின் ஃபெமா (அந்நியச் செலாவணி) சட்டத்தில் மூலதனக் கணக்குப் பரிமாற்றம். கார்டு அதற்கானது இல்லை.

முறையான வழி எல்ஆர்எஸ், அதாவது தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம். ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர், அதாவது சுமார் 9.18 லட்சம் திர்ஹம். மேலே சொன்ன ஃபிளாட்டுக்கே ஒருவர் வரம்பு போதாது. மனைவி கணக்கிலிருந்தும் அனுப்பினால் பத்திரத்தில் அவர் பெயரும் இருக்கட்டும். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கும். 2 கோடி அனுப்பினால் 38 லட்சம். வரியில் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அதுவரை கையில் இருக்காது. அந்த 38 லட்சத்தையும் சேர்த்துத்தான் பணம் புரட்ட வேண்டும்.

வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் ஃபிளாட்டைக் காட்ட மறந்தால் அபராதம் 10 லட்சம் ரூபாய். இந்த அபராதத்தில் 2024இல் வந்த சலுகை அசையாச் சொத்துக்கு இல்லை.

உத்தரவாத வாடகை

முதல் சில வருடங்களுக்கு இவ்வளவு வாடகை நிச்சயம் என்று விற்பவர் வாக்குக் கொடுப்பார். அந்தப் பணம் நீங்கள் கொடுத்த விலைக்குள்ளேயே இருக்கிறது.

தங்க விசா

இந்த நீண்டகாலக் குடியிருப்பு விசாவுக்கு வாங்க வேண்டிய சொத்தின் மதிப்பு 20 லட்சம் திர்ஹம். விசா வேண்டுமென்றால் விசாவுக்காக வாங்குங்கள், முதலீடு என்று பெயர் வைக்காதீர்கள்.

விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று நம்புவது

2008 கடைசியில் சரிந்தபோது பல பகுதிகளில் விலை ஏறக்குறைய பாதியானது. 2014 உச்சத்தில் வாங்கியவர் 2020 வரை இறங்குமுகத்தைத்தான் பார்த்தார். 'ரூபாய்க் கணக்கில் லாபம்தானே' என்பார்கள். திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டது. ரூபாய் விழுந்ததால் வந்த அந்த லாபம் டாலரில் போட்ட எந்தப் பணத்துக்கும் வந்திருக்கும்.

உயிலைத் தள்ளிப்போடுவது

கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் ஒருவர் காலமானதும் மற்றவருக்குத் தானாக வந்துவிடாது. இறந்தவரின் பங்கு நீதிமன்றம் வழியாக வாரிசுகளுக்குப் போகும். முஸ்லிம்களுக்கு ஷரீஅத் பங்கு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, உயில் இல்லையென்றால், 2022ஆம் ஆண்டின் 41ஆம் எண் சட்டப்படி பாதி துணைக்கு, பாதி பிள்ளைகளுக்கு. வாரிசுகள் சொந்த நாட்டுச் சட்டத்தையும் கேட்கலாம். அம்மாவுக்கும் ஒரு பங்கு என்று நினைப்பவர்கள், டைட்டில் டீட் (சொத்துப் பத்திரம்) கைக்கு வந்த அதே பயணத்திலேயே உயிலையும் இங்கே பதிவு செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்.