குறிப்புத் தாளில் பழகும் துணிவு

அரசுப் பணியில் புதிதாகச் சேர்பவர்கள், துணிவு என்றால் மேலதிகாரியின் மேசை முன் நின்று குரலை உயர்த்துவது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்தப் பரபரப்பு மறுநாளே அடங்கிவிடும். ஒரு கோப்பைப் பற்றித் தேநீர்க் கடையில் பேசுவதும் அதே கோப்பில் அலுவலர்கள் தம் கருத்தைப் பதியும் குறிப்புத் தாளில் எழுதுவதும் முப்பது ஆண்டுகளும் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வது அதைவிடக் கடினம்.

பணி உறுதியாவதற்கு முந்தைய தகுதிகாண் பருவத்தில் எதையும் எதிர்க்கக் கிளம்ப வேண்டாம். படிக்காத தாளில் சுருக்கொப்பம் இடாமலும், முன்தேதியிடச் சொன்னால் அன்றைய தேதியையே இட்டும் பழகுங்கள். சிறிய செய்திகளில் வளையாத கைதான் பெரிய கோப்பு வரும்போதும் நடுங்காமல் எழுதும். கூடவே நடத்தை விதிகளைப் படித்துவிடுங்கள்; பணியில் மூத்தவர்கள் பலரே படித்ததில்லை.

உண்மையான சோதனை வாய்மொழி உத்தரவாகத்தான் வரும். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும். தவிர்க்க முடியாமல் வாயால் சொல்லப்பட்டால், அதை எழுத்தில் உறுதிசெய்வது அவருடைய கடமை, உறுதிப்படுத்தக் கேட்பது உங்களுடைய கடமை. முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில், வாய்மொழி உத்தரவின்பேரில் அதிகாரிகள் செயல்படக் கூடாது என 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கூறியது. எனவே வாதிட வேண்டியதில்லை. “இன்று காலை தொலைபேசியில் தாங்கள் தெரிவித்தவாறு நடவடிக்கை எடுப்பதற்கு முன், அதனை எழுத்துமூலம் உறுதிசெய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன்” என்று எழுதி அனுப்புங்கள். முறையற்ற உத்தரவாக இருந்தால் பெரும்பாலும் பதிலே வராது.

மாற்றுக் கருத்தைக் கோப்பில் எழுதும்போது ‘முறைகேடு’, ‘உள்நோக்கம்’ போன்ற சொற்களை விலக்குங்கள். அவை உங்கள் மீதே குற்றச்சாட்டாகத் திரும்பக்கூடும். ஒப்பந்தப்புள்ளி அளிக்கத் தரப்பட்ட நாட்கள் விதி கோரும் அளவைவிடக் குறைவு என்றால் விதியின் எண்ணையும் இரு தேதிகளையும் குறிப்பிட்டு, அறிவிப்பை மறுபடி வெளியிடலாம் என்ற மாற்று வழியையும் சேர்த்து ஆணைக்குச் சமர்ப்பியுங்கள். மாற்று வழி இல்லாத மறுப்பு வெறும் முணுமுணுப்பாகவே படிக்கப்படும்.

இதற்கு விலை உண்டு. பெரும்பாலும் அது இடமாறுதல். பிள்ளைகளின் பள்ளியையும் வாடகை முன்பணத்தையும் அது கலைத்துவிடும் என்பதால், குடும்பத்தினரிடம் முன்பே பேசி வையுங்கள். சில வேளைகளில் விலை மிகக் கொடியது: தேசிய நெடுஞ்சாலைப் பணிகளில் நடந்த குறைகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014இல் இயற்றப்பட்டும் நடைமுறைக்கு வராமலே ஆண்டுகள் பல கழிந்தன. ஆகவே ஆபத்தான கோப்பில் தனியாளாக நிற்காமல், நிதிப் பிரிவின் கருத்தையும் சட்டப் பிரிவின் கருத்தையும் கேட்டுக் கோப்பிலேயே பதியச் செய்வது கோழைத்தனம் ஆகாது.

பதவி உயர்ந்தபின் சோதனை திசை மாறும். இப்போது உங்களுக்கு உடன்படாத குறிப்பு கீழிருந்து வரும். “மாற்றி எழுதிக் கொண்டு வாருங்கள்” என்று சொல்ல நாக்கு துடிக்கும். சமர்ப்பிக்கப்பட்ட குறிப்பை மாற்றச் சொல்லக் கூடாது, மேலதிகாரி தம் கருத்தைத் தனியே பதிய வேண்டும் என்கிறது மத்தியச் செயலக அலுவலக நடைமுறைக் கையேடு. இளையவரின் குறிப்பைத் தொடாமல் விட்டு, அதற்குக் கீழே உங்கள் காரணங்களை எழுதி, முழுப் பெயருடன் அன்றைய தேதியிட்டுக் கையொப்பமிடுங்கள்.