அலாஸ்காவில் சொந்தமாகக் காரிபூ வேட்டை: எங்கே கணக்கு தப்புகிறது?

வழிகாட்டி இல்லாமல் வட அலாஸ்காவுக்குக் காரிபூ மான் வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் எந்தத் தோட்டா, எத்தனை மீட்டர் என்றே மாதக்கணக்கில் ஆராய்கிறார்கள். விழுந்த மானை யார் சுமப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது.

வட அலாஸ்காவுக்குப் போகும் டால்டன் நெடுஞ்சாலையையே பாருங்கள். காரிலேயே போய்விடலாம் என்பதால் பலரும் அதைப் பிடிக்கிறார்கள். ஆனால் யூகான் ஆற்றுக்கு வடக்கே, சாலையின் இருபுறமும் 5 மைலுக்குள் துப்பாக்கியால் வேட்டையாடக்கூடாது, வில்தான். ரைஃபிள் என்றால் 8 கிலோமீட்டர் உள்ளே நடக்க வேண்டும். காலடியில் டஸ்ஸக் என்னும் புல்முண்டுகள். மேலே மிதித்தால் சாயும், இடையில் மிதித்தால் சேறு. மணிக்கு 2 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். வளர்ந்த கிடாவில் எலும்பு நீக்கினாலும் சுமார் 50 கிலோ இறைச்சி தேறும். இறைச்சிக்கு இரண்டு நடை, கொம்புக்கும் கூடாரத்துக்கும் ஒரு நடை என்றால், திரும்பிப் போவதையும் சேர்த்து 40 கிலோமீட்டர். உண்ணத்தக்க இறைச்சியை விட்டுவிட்டு வருவது குற்றம்; இறைச்சிக்கு முன்னால் கொம்பைக் கொண்டுவரவும் கூடாது. நியாயமான சட்டம்தான். போகிற போக்கில் ஒரு மூஸையும் (காரிபூவைவிடப் பெரிய மான் இனம்) பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: பெரிய மூஸில் இறைச்சி மட்டும் 225 கிலோ வரும்.

இந்தியாவிலிருந்து சுற்றுலாவாக வருபவருக்கு 'சொந்தமாக' என்ற பேச்சே இல்லை. அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவர் எந்தப் பெரிய விலங்கை வேட்டையாடவும் உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம்.

சாலையில்லாத இடத்துக்குச் சிறு விமானத்தில் போகிறவர்கள் திரும்பும் தேதியை நம்பி ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். மூடுபனி இறங்கினால் விமானி வரமாட்டார், வரவும் கூடாது. நாலைந்து நாளுக்கு உபரிச் சாப்பாடு வையுங்கள். இறங்கிய அன்றே வேட்டைக்கும் பொதுவாக அனுமதியில்லை. மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகுதான்.

பழைய வீடியோவை நம்பி இடம் தேர்வதும் தவறு. வடமேற்கு அலாஸ்காவின் மேற்கு ஆர்க்டிக் மந்தையில் 2003இல் சுமார் 4,90,000 காரிபூக்கள் இருந்தன. 2023 கணக்கில் சுமார் 1,52,000.

அப்புறம் கரடி. கரடியை விரட்டும் ஸ்பிரேயையும் அடுப்பு கேஸையும் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் வாங்கிக்கொள்ளுங்கள். இறைச்சியை மரத்தில் தொங்கவிடலாம் என்ற திட்டமும் பலிக்காது, வட அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடருக்கு வடக்கே மரமே இல்லை என்று சொல்லலாம். காற்றாடும் துணிப்பைகளில் கட்டி, கூடாரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, ஆனால் தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும்படி வில்லோ புதர் மேல் பரப்புங்கள். காலையில் எடுக்கப் போகும்போது சத்தம் போட்டுக்கொண்டே போங்கள்.