பழைய ராக் பத்திரிகை கிடைத்தால் விளம்பரத்திலிருந்து ஆரம்பியுங்கள்

ஒரு ஊரில் ராக் இசை எப்படி வளர்ந்தது என்று தெரிய வேண்டுமென்றால், அந்தக் காலத்தில் அந்த ஊரிலேயே அச்சான பத்திரிகையைத் தேடிப் பிடியுங்கள், சுயசரிதைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வந்த 'மெர்ஸி பீட்'டை வைத்தே சொல்கிறேன், பழகுவதற்கு இதைவிட நல்ல பத்திரிகை எனக்குத் தெரியாது. பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனனோடு ஓவியக் கல்லூரியில் படித்த பில் ஹாரி, கடன் வாங்கிய 50 பவுண்டை வைத்து ரென்ஷா தெருவில் ஒரு மாடி அறையில் தொடங்கினார். முதல் இதழ் 1961 ஜூலை 6, விலை மூன்று பென்ஸ், 5,000 பிரதி. இரண்டு வாரத்துக்கு ஒன்று.

சரி, இதழைத் திறந்ததும் நேராக விளம்பரங்களுக்குப் போங்கள். கேவர்ன் கிளப்பிலும் மற்ற நடன அரங்குகளிலும் என்றைக்கு எந்தக் குழு வாசித்தது என்பதை தேதி, இடம், குழு என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். நான்கைந்து இதழ் முடிப்பதற்குள், யார் பெயர் பெரிய எழுத்துக்கு ஏறுகிறது, யார் காணாமல் போகிறார்கள் என்பது கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

அடுத்தது தேதிச் சோதனை, எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. 1961 அக்டோபர் 28 அன்று ஒரு இளைஞர் கடைக்கு வந்து இசைத்தட்டு கேட்டபோதுதான் பீட்டில்ஸ் பெயரையே கேள்விப்பட்டேன் என்று, லிவர்பூலில் இசைத்தட்டுக் கடை நடத்திப் பிறகு பீட்டில்ஸின் மேலாளரான பிரையன் எப்ஸ்டைன் தன் சுயசரிதையில் எழுதினார். ஆனால் முதல் இதழிலேயே பீட்டில்ஸ் பற்றி லெனன் எழுதியிருக்கிறார். ஜூலை 20 தேதியிட்ட இரண்டாவது இதழின் முதல் பக்கமே அவர்களின் ஒலிப்பதிவு ஒப்பந்தச் செய்தி. ஆகஸ்டில் வந்த மூன்றாவது இதழில் இசைத்தட்டு விமர்சனம் எழுதியவர் யார்? அதே எப்ஸ்டைன்! தான் எழுதிய பத்திரிகையை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பத்திரிகையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஆசிரியர் யாருக்கு நண்பர், யார் விளம்பரம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். 1962 ஜனவரியில் வந்த வாசகர் வாக்கெடுப்பில் பீட்டில்ஸ் முதலிடம். உண்மையில் அதே ஊரின் இன்னொரு குழுவான ரோரி ஸ்டார்ம் குழுவுக்குத்தான் அதிக வாக்கு வந்தது, ஆனால் ஒரே கையெழுத்தில் பச்சை மையில் வந்த சுமார் 40 வாக்குகளைத் தள்ளிவிட்டோம் என்று பில் ஹாரியே பின்னாளில் சொன்னார். அதனால் வாக்குப் பட்டியலை ரசிகர் கூட்டத்தின் கணக்காக எடுக்காதீர்கள், உங்கள் நோட்டில் உள்ள நிகழ்ச்சி விளம்பரங்களோடு ஒப்பிடுங்கள்.

மூல இதழ் கிடைக்காவிட்டால், 1977இல் பில் ஹாரி பழைய பக்கங்களை அப்படியே நகலெடுத்துக் கொண்டுவந்த தொகுப்பு உதவும். நூலகத்தில் படம் எடுக்கிறீர்கள் என்றால் கட்டுரையை மட்டும் வெட்டி எடுக்காமல், பக்கத்தின் மேலே இருக்கும் தேதி வரியும் சேர்ந்து வரும்படி முழுப் பக்கமாக எடுங்கள்.