திருகோணமலையிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு வாடகை வான் வண்டியில்: முதன்முறை போவோருக்கு

இந்தப் பயணத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். வானையும் புறப்படும் நேரத்தையும் பிறகு பார்க்கலாம். முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது, காலை 6 மணிக்கு ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவின் வாசலில் நிற்பது. பூங்காவுக்குள் இருக்கும் உலக முடிவு (World's End) என்ற செங்குத்து மலைவிளிம்பின் ஏறத்தாழ 870 மீட்டர் பள்ளம் காலையில்தான் தெளிவாகத் தெரியும். 9, 10 மணிக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால், அவ்வளவு தூரம் போயும் வெறும் வெள்ளையைத்தான் பார்ப்பீர்கள்.

படி 1: நாள்

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, ஆனால் விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும் அளவுக்குக் குளிர் இருக்கும். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம், அறை வாடகை எகிறும். அந்த மாதத்தை விட்டுவிடுங்கள்.

படி 2: இரவுத் தங்கல்

நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகப் பூங்காவுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். மலைப்பாதை என்பதால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஆகவே முதல்நாள் இரவு நுவரெலியாவிலோ பட்டிப்பொலவிலோ தங்கியே ஆகவேண்டும். இரவிரவாக ஓடி நேரே வாசலுக்குப் போகலாம் என்று பெடியள் சொல்வார்கள். தூங்காத சாரதியும் கொண்டையூசி வளைவுகளும் ஒத்துவராது.

கட்டில், அடுப்பு வைத்த கேம்பர் வான் எடுத்தாலும் பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் நிறுத்திப் படுக்க முடியாது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் முன்அனுமதி வேண்டும். விருந்தினர் விடுதி வளவில் கேட்டு நிறுத்துவதே சுலபம்.

படி 3: வான்

பூங்கா 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் வானில் ஆளும் மூட்டையும் நிரப்பினால், நுவரெலியாவுக்குப் போகும் வழியிலுள்ள றம்பொடை ஏற்றத்தில் மூச்சு வாங்கும். டொயோட்டா கேடிஎச் (KDH) மாதிரி டர்போ வான் கேளுங்கள்.

காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை: ரேடியேட்டர் கூலன்ட், பிரேக் பேட், டயரின் பூ, ஸ்பெயார் வீல், ஜாக். கண்ணாடியின் பனியைத் துடைக்கும் ஹீட்டரையும் போட்டுப் பாருங்கள். திருகோணமலையில் யாரும் அதைத் தொட்டிருக்கமாட்டார்கள். வாகனத்தைச் சுற்றி வீடியோ எடுத்து, பழைய கீறல்களையும் மீட்டரையும் பதிவு செய்யுங்கள். நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர், மேலதிகத்துக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குச் செல்லுபடியாகுமா, உங்கள் லைசன்ஸ் அத்தனை இருக்கை வானுக்குப் பொருந்துமா என்பதையும் பாருங்கள். மலையில் ஓட்டிப் பழகாதவர் சாரதியோடு எடுப்பதே நல்லது. பாட்டாவும் (சாரதிக்கான நாட்படி) அவருக்குப் படுக்கையும் உங்கள் பொறுப்பு.

படி 4: பாதை

கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, கம்பளை, றம்பொடை, நுவரெலியா. மொத்தம் சுமார் 250 கிலோமீட்டர், ஒரு பகல் போய்விடும். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் கந்தளாய் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும். அங்கிருந்து ஹபரணை வரை இருட்டில் யானை குறுக்கே நிற்கும், அதனால்தான் இந்தக் கணக்கு. நுவரெலியாவில் டீசலை முழுதாக அடித்துக்கொள்ளுங்கள்.

படி 5: வாசல்

இங்கேதான் புதிதாகப் போவோர் தடுமாறுகிறார்கள். உள்ளே பொலித்தீன் கூடாது. பையைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபலை உரித்து எடுப்பார்கள், பிஸ்கட்டை உறையிலிருந்து பிரித்துக் கடதாசியில் தருவார்கள். லஞ்ச் சீட் என்ற பொலித்தீன் தாளில் சுற்றிய சோறும் மாட்டும். ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் வாழையிலையில் கட்டி, தண்ணீரைச் சில்வர் போத்தலில் கொண்டுபோனால் வேலை மிச்சம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கனடா மாமா கூட வந்தால் அவருக்கு வெளிநாட்டவர் டிக்கட், விலை டொலர் கணக்கு. அதை முதலே சொல்லிவிடுங்கள், வாசலில் சண்டை வேண்டாம்.

நடை சுமார் 9 கிலோமீட்டர், சுற்றுப்பாதை. உலக முடிவை முதலில் பாருங்கள், பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி பிறகு. அதை மூடுபனி அவ்வளவாகக் கெடுக்காது. திருகோணமலைக் கோணேசர் கோயில் பாறையிலுள்ள இராவணன் வெட்டில் எட்டிப் பார்த்தே தலைசுற்றியவர் விளிம்பிலிருந்து தள்ளியே நிற்கவும். மரை (பெரிய மான்) கிட்ட வந்தாலும் தீனி கொடுக்காதீர்கள். இந்த உயரத்தில் மலைநோய் அரிது. நம் ஊர் உடம்பைப் படுத்துவது குளிர்தான், இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் மருந்துப் பம்பை மறக்கக்கூடாது. வானில் சமைப்பவர்களுக்கு: தண்ணீர் அங்கே 93 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக அதிக நேரம் எடுக்கும், பிரஷர் குக்கர் வேண்டும்.

படி 6: இறக்கம்

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஓட்டோ கியர் என்றால் 2 அல்லது எல். பனிக்குள் டிம் லைட் மட்டும். ஹெட்லைட்டைத் தூக்கினால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணில்தான் அடிக்கும். பிரேக் கருகும் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரைமணி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடிப்பு விழும்.