விறகு அடுப்பு: பற்றவைக்கும் முன்னும் அணைந்த பின்னும் நாம் செய்யும் தவறுகள்

போன மார்கழியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு அடிப்பாகமே இல்லாமல் போனது. முதல் நாள் வெந்நீர் அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பலை அதில் கொட்டியவன் நான்தான். கையால் தொட்டுப் பார்த்தேன், ஆறித்தான் இருந்தது. விடிகாலையில் போய்ப் பார்த்தால் வாளி உருகி, சிமெண்டுத் தரையோடு நீலமாக ஒட்டிக் கிடக்கிறது. ஒரு முழம் தள்ளிக் காய்ந்த தென்னை ஓலைக் குவியல். "நல்ல வேளைடா, ராத்திரி காத்து அடிக்கல" என்றார் அம்மா.

சாம்பல் நல்ல போர்வை. மேலே குளிர்ந்துவிட்டாலும் உள்ளே கங்கு மெல்லக் கனன்றபடி ஒரு நாளுக்கு மேல்கூடக் கிடக்கும். அதனால் மூடியுள்ள தகர டின்னில் அள்ளி, ஓலை, சாக்கு எதுவும் இல்லாத வெளியிடத்தில் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டுத்தான் எடுத்துப் புழங்க வேண்டும். அவசரத்துக்கு அடுப்பிலேயே தண்ணீரை ஊற்றி அணைப்பவர்களும் உண்டு. சுட்ட மண் சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும். சூடான ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும்.

எரிகிற நேரத்தில் எல்லோரும் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறோம். கோட்டை விடுவது அதற்கு முன்னாலும் பின்னாலும்தான்.

முன்னால் என்றால், முதலில் விறகு. வெயிலூர் என்று நாமே கேலி பேசும் வேலூரில் ஈர விறகை எரிப்பதுதான் எனக்குப் புரியாத சங்கதி. பாலாற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் மண்டிக் கிடக்கும் வேலிக்காத்தான் நல்ல விறகு, நின்று எரியும், கங்கும் கெட்டி. ஆனால் வெட்டிய வாரமே வண்டியேறி வந்துவிடுகிறது. பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீராக இருக்கலாம். விறகு விற்பதோ எடைக்கு. அப்படியானால் நாம் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறோம், அப்புறம் அந்தத் தண்ணீரை விரட்டவும் விறகை எரிக்கிறோம். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் சூட்டைப்போல ஏழு மடங்குக்கு மேல் ஆகும், கொதித்த தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க. குளிக்கிற தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு விறகுக்குள்ளேயே செலவாகிறது.

காய்ந்த விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இதற்குக் கருவி எல்லாம் தேவையில்லை. இரண்டு கட்டைகளை மோதிப் பாருங்கள். காய்ந்தது 'டங்' என்று ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று செத்த சத்தம் போடும். வெட்டு முனையில் விரிசல் ஓடியிருக்கும், பட்டை தானாகக் கழன்று வரும். அடுப்பில் வைத்ததும் முனையில் நுரை தள்ளி 'உஸ்' என்றால் அது இன்னும் பச்சைதான். மாசியில் வாங்கிப் பிளந்து, செங்கல் மேல் இடைவெளி விட்டு அடுக்கினால் சித்திரை வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மேலே மட்டும் மூடுங்கள், பக்கவாட்டில் காற்றுப் போகட்டும். ஐப்பசி மழைக்குத்தானே என்று தள்ளிப்போட வேண்டாம், நம் பக்கம் ஆடி ஆவணியிலேயே சாயங்கால மழை பிடித்துவிடும்.

ஈர விறகின் புகை புகைபோக்கிக்குள் குளிர்ந்து தார் மாதிரி படிகிறது. அது தீப்பிடிக்கும் சரக்கு. நன்றாக எரியும் ஒரு நாளில் குழாய்க்குள்ளேயே 'ஹோ'வென்று பற்றிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தரமாவது மேலிருந்து கயிற்றில் சாக்குச் சுருட்டைக் கட்டி இழுத்துக் கரியை உதிர்க்க வேண்டும். குளவிக் கூடு இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும். பளபளப்பாக இறுகிய படிவம் சாக்குக்கு மசியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். குழாயின் வாய் ஓலைக் கொட்டகைக்கோ மாடியிலுள்ள பிளாஸ்டிக் டேங்குக்கோ அருகில் இருக்கக்கூடாது.

1980களில் அரசு பரப்பிய புகையில்லா அடுப்பு சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது புகைகிறதென்று குறை சொல்பவர்கள் இரண்டாவது கண்ணைப் பாருங்கள். பாத்திரம் வைக்காமல் திறந்து கிடந்தால் காற்று அந்த வழியே புகுந்து, புகைபோக்கியின் இழுப்பு போய்விடும். ஒரு சட்டித் தண்ணீரை வைத்து மூடினாலே சரியாகிவிடும்.

எதைப் போட்டு எரிக்கிறோம் என்பதில் நம் ஊருக்கென்றே ஒரு தவறு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் துண்டுத் தோல் சும்மா கிடைக்கிறதென்று அடுப்பில் போடுவது. குரோமியம் போட்டுப் பதனிட்ட தோலை எரித்தால், அந்தக் குரோமியத்தில் ஒரு பங்கு நச்சு அதிகமுள்ள வடிவத்துக்கு மாறிச் சாம்பலில் தங்கலாம். அந்தச் சாம்பலில்தான் பாத்திரம் தேய்ப்போம். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், ரப்பர் துண்டு எதுவும் வேண்டாம்.

மங்கிய அடுப்பில் கிருஷ்ணாயில் ஊற்றவே கூடாது. கங்கின் சூட்டில் அது ஆவியாகி, குப்பென்று பற்றினால் தீ கையிலிருக்கும் பாட்டில் வரை வரும். பன்னாடையும் கொட்டாங்குச்சியும் ஊதாங்குழலும் போதும். கேஸ் சிலிண்டரையும் விறகு அடுப்பையும் ஒரே அறையில் வைப்பதும் அப்படித்தான். கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து தீயைத் தேடிப் போகும்.

கடைசியாக, கரித்தணல். பிள்ளை பெற்ற வீட்டில் குளிருக்கென்று கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு, சாம்பிராணிச் சட்டியை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். புகை அடங்கியதும் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். புகையே இல்லாத சிவந்த தணல்தான் கார்பன் மோனாக்சைடைத் தாராளமாக விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் களைப்பு என்று படுக்கப் போகாமல் எல்லோரும் உடனே வெளியே வந்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பாட்டி கேட்டால் சாம்பிராணி போடலாம், தப்பில்லை. ஜன்னல் திறந்திருக்கட்டும், தாயும் பிள்ளையும் வேறு அறையில் இருக்கட்டும். வாசனை பிடித்ததும் சட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிடுங்கள்.