பழைய கார் எடுத்த பெடியளுக்கு: முதலில் அந்த உழவு மிஷினைத் தள்ளி நிறுத்துங்கள்

கிளிநொச்சிப் பக்கம் பழைய கார் ஆசை பிடித்த பெடியள் கூடிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் யாரோ ஒருவரின் அப்பப்பா வைத்திருந்த மொரிஸ் மைனர் மாமரத்துக்குக் கீழே நிற்கிறது, சாவகச்சேரியில் ஒரு ஒஸ்ரின் விலைக்கு நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் லொறி பிடித்து ஏ9 வீதியால் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இறக்கிய மறுநாளே தொடங்குகிற வேலைகளைப் பார்த்தால், நாங்கள் எப்போதோ ஆடிக் காசு கொடுத்து முடித்த கூத்துகள்தானே இவை என்று தோன்றுகிறது. ஒயில் பார்க்க மறப்பது, ரயருக்குக் காற்றுப் பார்க்காதது என்பவற்றை நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

இறுகிய எஞ்சினைக் கட்டி இழுப்பது

வருடக்கணக்கில் நின்ற காரின் எஞ்சின் சுற்றாது. ஹாண்டிலைப் போட்டுத் திருகிப் பார்ப்பார்கள், அசையாது. உடனே ஒருவர், பெரும்பாலும் காரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் புதினம் பார்க்க வந்தவர், "மெசியைக் கொண்டு வாங்கோ, கட்டி இழுப்பம்" என்பார். வயல் செய்கிற வீடுகளுக்கு நடுவில் ஒரு மெசி பேர்குசன் உழவு மிஷின் கிடைக்காமலா போகும்? கயிறும் வரும், ஆட்களும் வருவார்கள்.

கடைசியாக இதை நான் பார்த்தது பரந்தன் பக்கத்தில். ஒஸ்ரின் ஏ40 சொமர்செற், 1952 முதல் 1954 வரை வந்த மொடல், 1200 சிசி எஞ்சின். தகரம்கூட அவ்வளவாக உக்கவில்லை. நான் போய்ச் சேரும்போது கயிறு கட்டியாகிவிட்டது. "தம்பி, பிளக்கையாவது கழட்டினியா?" என்று கேட்டேன். "ஒண்டும் நடக்காது அண்ணை, ரெண்டு இழுவைதான்" என்றான். இரண்டாம் கியரில் போட்டுக் கிளச்சை விட்டதும் பின்சில்லு இரண்டும் பூட்டிக்கொண்டு கிரவல் வீதியில் கோடு போட்டபடி வந்தன. அதோடு விட்டிருந்தால் தப்பியிருக்கும். பக்கத்தில் நின்றவர் டொப் கியரில் போடச் சொன்னார். இங்கேதான் கவனிக்கவேண்டும். சின்னக் கியரில் சில்லு வழுக்கிவிடும், எஞ்சினுக்குப் போய்ச் சேருகிற முறுக்குக் குறைவு. டொப் கியரில் அதே சில்லுப் பிடிக்கு எஞ்சினில் விழுகிற முறுக்கு பல மடங்கு கூட. 'டக்' என்று ஒரு சத்தம், எஞ்சின் சுற்றியது. எல்லோரும் கை தட்டினார்கள். பெற்றோல் விட்டதும் ஸ்ராட் வேறு ஆகிவிட்டது, நீலப் புகையோடும், உள்ளே ஒருவர் இருந்து சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தத்தோடும்.

ஹெட்டைக் கழற்றியபோது ஒரு சிலிண்டரில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துண்டு துண்டாக முறிந்து, பிஸ்டன் ஓரம் வெடித்து, போர் (பிஸ்டன் ஓடுகிற உள்சுவர்) மேலிருந்து கீழ்வரை கீறிக் கிடந்தது. இன்னொன்றில் வால்வு மூடியபடியே கைடில் (அது ஏறி இறங்குகிற குழாயில்) இறுகியிருந்ததால் அதைத் தள்ளப்போன புஷ்ரொட் கம்பி வளைந்திருந்தது. காரை வாங்கிய காசில் பெரும்பங்கு அந்த ஒரு இழுவையில் போய்விட்டது. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அந்தப் பெடியன் மேல் இல்லை, டொப் கியரில் போடச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாரே, அவர் மேல்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், நாலு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஒன்றிரண்டு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். அதன் வழியாக மாரிக்கு மாரி ஈரம் உள்ளே போய், ரிங்கும் போரும் தொடுகிற இடத்தில் துரு பிடித்து இரண்டையும் ஒட்டிவிடும். ரிங் வார்ப்பிரும்பு, வளைந்து கொடுக்காது, முறியும். போர் கீறினால் அதைக் கடைந்து பெரிதாக்கி 20, 40, 60 என்று அடுத்த சைஸ் பிஸ்டன் போடவேண்டும் (ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் அத்தனை பங்கு). கடைசி சைஸும் முடிந்த புளொக் என்றால் உள்ளே புதுச் சுவராக லைனர்தான் இறக்கவேண்டும். அதுவும் எங்கள் பக்கத்துக் கார்களில் பல, 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடியவை. எரியாத மண்ணெண்ணெய் போர்ச் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள் (எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற தொட்டிக்குள்) இறங்கும், ஒயிலும் தண்ணியாகப் போகும், போர் தேயும். அந்த நாளில் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அப்படித் தேய்ந்த ஒரு எஞ்சினில் இன்னொரு சைஸ் மிச்சமிருக்கும் என்று நம்பி மெசியைக் கட்டுவது பெரிய சூதாட்டம்.

சரி, என்ன செய்வது? நாலு பிளக்கையும் கழற்றுங்கள். டீசலும், பவர் ஸ்ரியரிங்குக்கு விடுகிற சிவப்பு ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையாலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு, காரை மறந்துவிட்டு வயல் வேலையைப் பாருங்கள். வந்து பார்க்கும்போது ஒரு சிலிண்டரில் மட்டம் இறங்காமல் அப்படியே நின்றால், துரு அதில்தான் என்று பெரும்பாலும் சொல்லலாம். இறங்கியவற்றுக்குத் திரும்ப விடுங்கள். ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு மாதம் போனாலும் போகட்டும். இதற்கிடையில் வால்வுகளை மூடியிருக்கிற ரொக்கர் கவரைக் கழற்றி, ஒவ்வொரு வால்வையும் மரத்துண்டு வைத்து மெதுவாகத் தட்டி, இறங்கி எழும்புகிறதா என்று பாருங்கள். எலி கூடு கட்டியிருக்கிறதா என்று சைலன்சர் வாயையும் எயார் கிளீனரையும் பார்த்துவிடுங்கள், காலபோக நெல் வீட்டுக்கு வந்த பிறகு எலிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

அப்புறம் டொப் கியரில் போட்டு, காரை ஆள் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கையால், மெசியால் அல்ல. கையால் ஆட்டும்போது இடறுகிற இடத்தில் நீங்களே நின்றுவிடுவீர்கள், உழவு மிஷினுக்கு அந்த உணர்வு கிடையாது. அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டைக் கழற்றுவதுதான் மிச்சம், ஹெட் கஸ்கெற் ஒன்றின் விலையோடு போய்விடும். அசைந்துவிட்டால், உடனே ஸ்ராட் பண்ண ஓடாமல், ஊறவிட்டதெல்லாம் சம்புக்குள் போயிருக்கும் என்பதால் ஒயிலை இறக்கிப் புதிதாக விட்டு, பிளக் இல்லாமலே ஹாண்டிலால் சுற்றி, பெயரிங்குகளுக்கு ஒயில் ஏறவிட்டு, பழைய ராங்கில் உள்ளதைத் தொடாமல் தனிப் போத்தலில் பெற்றோல் கொடுத்து ஸ்ராட் பண்ணுங்கள்.

தரப்பாளால் மூடிக் கட்டுவது

வேண்டாம். அடியில் வியர்த்து உக்கும். கிடுகுக் கொட்டில் போடுங்கள்.

13 ஸ்பனர்

மில்லிமீற்றர் ஸ்பனர்களில் பழகிய கை 13 மில்லிமீற்றர் ஸ்பனரைத்தான் முதலில் எடுக்கும். பழைய பிரித்தானியக் கார்களில் அதே இடத்தில் நிற்பது அரை அங்குல நட், அதாவது 12.7 மில்லிமீற்றர். அந்த இடைவெளி போதும், துருப்பிடித்த நட்டின் மூலைகளை உருட்டிவிட. 1940களின் கார்களில் விற்வேர்த் என்ற இன்னொரு பழைய பிரித்தானிய அளவும் கலந்திருக்கும். அங்குல செற் ஒன்று வாங்காமல் காரைத் தொடாதீர்கள்.

பிரேக் ரப்பரை மண்ணெண்ணெயில் கழுவுவது

ஊதிப் பெருக்கும், பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஒயிலிலேயே கழுவுங்கள்.

பற்றரியைப் பழக்கத்தில் மாட்டுவது

அந்தக் காலத்து மைனர், ஒஸ்ரின் எல்லாம் பொசிற்றிவ் எர்த், அதாவது பொடிக்குப் போவது பற்றரியின் பொசிற்றிவ் வயர். நெகற்றிவ் வயரை பொடிக்குக் கொடுக்கிற பழக்கத்தில் மாற்றி மாட்டினால், டைனமோ உள்ள காரில், அதைப் பற்றரியோடு இணைத்துத் துண்டிக்கிற கட்அவுட்டின் பொயின்ற் ஒட்டிப்போகலாம். யாராவது டைனமோவுக்குப் பதில் ஒல்ரனேற்றர் மாற்றிப் போட்டிருந்து அதில் தலைகீழாகக் கொடுத்தால் டயோட்டுகள் அந்தக் கணமே போகும். வாங்கிய காரில் எது எந்தப் பக்கம் என்று வயரைப் பின்தொடர்ந்து பார்த்த பிறகே பற்றரியை வையுங்கள்.

கிணற்றுத் தண்ணீர்

எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் கேத்திலின் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அது றேடியேற்றருக்குள்ளும் படியும், பங்குனி வெயிலில் முறிகண்டி தாண்டுமுன் கொதித்துவிடும். மாரியில் மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள், அல்லது பற்றரித் தண்ணீர் வாங்குங்கள்.

மைனரின் முன்சில்லு

மொரிஸ் மைனரின் முன்பக்கத்தில் கீழ் ட்ரனியன் என்று ஒன்று உண்டு. முன்சில்லைத் தாங்குவதே அதன் மரைதான். கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு வெளியே மடிந்து கார் ஒரு பக்கம் குந்திவிடும். பழைய கையேடுகள் 1000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கச் சொல்லும். ஒட்டுசுட்டான் பக்கத்து உள்வீதிகளின் புழுதியில் அவ்வளவும் பொறுக்கவேண்டாம், முந்தியே அடியுங்கள்.

லொறி எடுத்தவர்களுக்கு

பெட்போட் லொறியின் இடது பக்கச் சில்லு நட்டுகள் இடது மரை. மறுபக்கம் திருப்பவேண்டும். பைப் போட்டு நாலு பேர் தொங்கி ஸ்ரட் முறிந்த பிறகு அதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

அதைவிட மோசமானது, ரயரைப் பிடித்து வைக்கத் தனி இரும்பு வளையம் போட்ட பழைய சில்லுக்கு வீட்டில் காற்று அடிப்பது. துருப்பிடித்த வளையம் சரியாக உட்காராமல் காற்று ஏறினால் அது பறந்து வரும், முன்னால் தலை இருந்தால் தலையோடு. வளையத்தைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, வெடிப்பு இருந்தால் எறிந்துவிட்டு, சில்லைச் சங்கிலியால் சுற்றிக் கட்டி, நீளமான குழாயோடு பக்கவாட்டில் தள்ளி நின்று அடியுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

பதிவுப் புக் இல்லாத கார்

வாங்காதீர்கள்.

அரிய காரை முதல் காராக எடுப்பது

1948 முதல் 1971 வரை மொரிஸ் மைனர் 16 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அதனால்தான் ட்ரனியன், பிரேக் சிலிண்டர், கஸ்கெற் மட்டுமல்ல, மட்காட் தகரம்கூட இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், கப்பல் செலவு கொடுத்தால் வீட்டுக்கு வரும். சொமர்செற்றுக்கு அந்த வசதி இல்லை. பிஸ்டன் வேண்டுமென்றால் தெரிந்த கராச் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக் கேட்டுத் திரியவேண்டும். முதல் காருக்கு மைனர் எடுங்கள், அதிலும் 948 அல்லது 1098 சிசி எஞ்சின் உள்ள மைனர் 1000 ஆகப் பார்த்து எடுங்கள், முந்திய 918 சிசி சைட்வால்வு (வால்வு பக்கவாட்டில் உள்ள) எஞ்சினுக்கு சாமான் தேடுவது கஷ்டம்.