இழையின் நீளம் அறிந்து நூற்றல்: கம்பளி முதல் ஆளி நார் வரை ஒரு கைநூற்பு வழிகாட்டி

கைநூற்பு மூன்று செயல்களால் ஆனது: இழைகளை மெலிதாக இழுத்தல், முறுக்கேற்றுதல், முறுக்கிய நூலைச் சுற்றி வைத்தல். தென் அமெரிக்காவின் ஆந்திஸ் மலைச்சரிவில் அல்பாகா என்னும் விலங்கின் உரோமத்தை நூற்பவரும், வங்கத்தில் பருத்தி நூற்றவரும், ஐரோப்பாவில் ஆளிச் செடியின் தண்டு நாரை நூற்றவரும் செய்தது இந்த மூன்றைத்தான். எவ்வளவு வேகமாக இழுப்பது, எத்தனை முறுக்கு ஏற்றுவது, கருவியின் எடையை நூல் மீது தொங்கவிடலாமா என்பவற்றில்தான் அவர்கள் வேறுபட்டார்கள். இவற்றைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இழையின் நீளம். ஆகவே, நூற்கக் கற்க விரும்புபவர் கருவி வாங்குவதற்கு முன் கையில் உள்ள பொருளிலிருந்து ஒரே ஓர் இழையை உருவி எடுத்து, அளவுகோலின் மீது வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் முதல் அறிவுரை.

பொதுவாகக் கிடைக்கும் பருத்தி இழை 25 முதல் 35 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். மெரினோ ஆட்டின் கம்பளி 65 முதல் 100 மில்லிமீட்டர் வரை இருக்கும். நன்கு சீவிய ஆளி நார் 30 சென்டிமீட்டரில் தொடங்கி 90 சென்டிமீட்டர் வரை போகும். முறுக்கு ஏறும்போது இழைகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அந்த நெருக்கத்தால் எழும் உராய்வுதான் நூலை அறுந்து போகாமல் பிடித்து வைக்கிறது. நீண்ட இழை தன் அண்டை இழைகளை நெடுந்தொலைவுக்குத் தொட்டுக்கொண்டு போவதால், குறைந்த முறுக்கிலேயே அது பிடிபட்டுவிடும். குட்டையான இழைக்கோ ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கூடுதல் சுற்றுகள் வேண்டும். அவை ஏறும் வரை அதன் மீது எந்தப் பாரமும் தொங்கக் கூடாது. தக்ளி என்னும் சிறு கதிரின் முனையைக் கிண்ணத்தில் ஊன்றிப் பருத்தி நூற்பதும், கம்பளிக்கு, சுழன்று நூலை முறுக்கும் குச்சியான கதிரை அந்தரத்தில் தொங்கவிடுவதும் இதனால்தான்.

கருவியில்லாமல் ஒரு பயிற்சி

முறுக்கு என்ன செய்கிறது என்பதை விரல்கள் உணர, நியூசிலாந்தின் மாவோரி மக்கள் ஹரகேகே என்னும் செடியின் நாரைத் திரிக்கும் முறையை விடச் சிறந்த பாடம் இல்லை. அவர்கள் சிப்பி ஓட்டால் இலையின் சதையை வழித்து நீக்கி, முக்கா எனப்படும் வெண்ணிற நாரைப் பிரித்தெடுப்பார்கள். அதிலிருந்து இரண்டு சிறு கற்றைகளை எடுத்து, ஈரம் காட்டி, வெறுங்காலின் முன்பக்கத்தில் அருகருகே வைத்து உள்ளங்கையால் ஒரு திசையில் உருட்டுவார்கள். இரண்டும் தனித்தனியே முறுக்கேறியதும் அவற்றை ஒன்று சேர்த்து அதே கையை எதிர்த்திசையில் இழுத்தால், இரண்டு புரிகளும் ஒன்றையொன்று தழுவி, கைவிட்டாலும் பிரியாத நூலாகி நிற்கும். சணல், வாழை நார் என எந்த நீண்ட நார் கிடைத்தாலும் இதைச் செய்து பார்க்கலாம். கற்றை தீர்வதற்குச் சில விரற்கடை முன்பே புதிய கற்றையின் நுனியைப் பக்கத்தில் வைத்து உருட்டிச் சேர்க்க வேண்டும்; இரண்டு புரிகளிலும் ஒரே இடத்தில் இணைப்பு வருமாறு விட்டால் அந்த இடத்தில் நூல் அறும்.

வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வாழும் டிலிங்கிட் மக்கள், மலை ஆட்டின் கம்பளியையும் மஞ்சள் சீடர் மரத்தின் உட்பட்டையையும் கலந்து, தொடையின் மீது உருட்டியே சில்காட் போர்வைகளுக்கான நூலைச் செய்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம். கருவி இல்லாத நூற்பு பழையது என்பதால் அதைத் தாழ்ந்ததாக எண்ண வேண்டியதில்லை.

கம்பளியும் தொங்கு கதிரும்

கதிரில் கற்கத் தொடங்குபவருக்கு ஆட்டுக் கம்பளிதான் ஏற்றது. அதன் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய செதில்களும் இயல்பான சுருளும் இழைகளை ஒன்றோடொன்று பற்றவைக்கின்றன. சிறு தவறுகளை அது பொறுத்துக்கொள்ளும்.

கத்தரித்த கம்பளியில் லானோலின் என்னும் மெழுகும் வியர்வை உப்பும் மண்ணும் கலந்திருக்கும். கை பொறுக்காத அளவு சூடான, ஏறத்தாழ 60 பாகை வெந்நீரில் சோப்புக் கரைசலைக் கலந்து, கம்பளியை அழுத்தி மூழ்கடித்து, கால் மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். நீர் ஆறிப்போகும் வரை விட்டால் கரைந்த மெழுகு திரும்ப இழையிலேயே படிந்துவிடும். தேய்த்தாலோ, சூட்டிலிருந்து எடுத்துத் திடீரெனக் குளிர்ந்த நீரில் போட்டாலோ செதில்கள் பிணைந்து கம்பளி கட்டியாகிவிடும். ஆகவே அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். காய்ந்த பிறகு, வளைந்த சிறு கம்பிப் பற்கள் பதித்த இரண்டு பலகைகளுக்கு இடையே மெல்ல வாரி, மெத்தென்ற சுருளாக உருட்டிக்கொள்ளலாம். நீளமான கம்பளியாக இருந்தால் சீப்பால் ஒரே திசையில் வாருவது நல்லது. பலகைகளில் வாரி உருட்டிய சுருளில் இழைகள் பல திசைகளில் கிடப்பதால் நூல் காற்றைத் தேக்கிக் கதகதப்பாக இருக்கும். சீப்பால் வாரியதில் அவை இணையாகக் கிடப்பதால் நூல் வழவழப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். ஐஸ்லாந்து ஆட்டின் மேலுரோமமான டோக், அடியுரோமமான தேல் இரண்டையும் பிரித்து, கரடுமுரடான முதலாவதை வலுவான நூலுக்கும் மென்மையான இரண்டாவதை உடலை ஒட்டிய ஆடைக்கும் அந்நாட்டார் பயன்படுத்தியது இந்த அறிவின் மிக நேர்த்தியான வடிவம்.

கதிர் எளிமையான கருவி: 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள, நேரான, மழமழப்பான ஒரு குச்சி, அதில் அசையாமல் பொருந்திய ஒரு வட்டு, மேல்முனையில் ஒரு கொக்கி அல்லது சிறு வெட்டு. தொடக்கத்தில் மொத்த எடை 30 முதல் 40 கிராம் வரை இருந்தால் போதும். வட்டின் எடை விளிம்பில் குவிந்திருந்தால் கதிர் மெதுவாகவும் நெடுநேரமும் சுழலும். நடுவில் குவிந்திருந்தால் வேகமாகச் சுழன்று விரைவில் நிற்கும். முன்னது தடித்த நூலுக்கும் பின்னது மெல்லிய நூலுக்கும் பொருந்தும்.

ஏற்கெனவே நூற்ற கம்பளி நூலில் ஒரு முழம் எடுத்துக் கதிரில் கட்டி, மேலே கொண்டுவந்து கொக்கியில் மாட்டவும். அதன் நுனியைச் சற்றுப் பிரித்து, கம்பளிச் சுருளின் நுனியிழைகளோடு நான்கு விரற்கடை அளவுக்குச் சேர்த்துப் பிடிக்கவும். கதிரை மேலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுழற்றி விடவும். முறுக்கு மேலேறி இரண்டு நூல்களும் பற்றிக்கொண்டதும், சுழல்வதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்ய முயலாமல், கதிரை முழங்கால்களுக்கு இடையே நிறுத்திக்கொள்ளவும். கீழ்க்கை நூலைக் கிள்ளிப் பிடித்திருக்க, மேல்கை சுருளைத் தளர்வாக ஏந்தியிருக்க, இரு கைகளுக்கும் இடையே இழைகள் ஒரு சிறு முக்கோணமாக விரிந்து தெரியும். கைநூற்பின் உயிர்நிலை அந்த முக்கோணம். அதன் அகலம்தான் நூலின் தடிமன். மேல்கையைப் பின்னோக்கி இழுத்து முக்கோணத்தை மெலியச் செய்த பிறகு, கிள்ளிய விரல்களை இறுக்கம் குறையாமல் அதன் மீது வழுக்கிக் கொண்டுபோனால், தேங்கி நின்ற முறுக்கு விரல்களின் பின்னாலேயே ஓடிவந்து இழைகளைப் பூட்டும்.

இரு கைகளுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ ஓர் இழையின் நீளமே இருக்க வேண்டும். அதைவிட மிகவும் கூடினால் இழைகள் ஒன்றையொன்று விட்டு விலகி நூல் கழன்று வரும். மிகவும் குறைந்தால், ஒரே இழையை இரண்டு முனைகளிலும் பிடித்து இழுக்கிறோம் என்பதால் எவ்வளவு வலுக்கொண்டு இழுத்தாலும் சுருள் மெலியாது. தொடக்கநிலையினரின் களைப்புக்கும் தோள்வலிக்கும் இந்த இரண்டாவது தவறே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. முறுக்கு விரல்களைத் தாண்டிச் சுருளுக்குள் புகுந்துவிட்டாலும் இதே இறுக்கம் நேரும். அப்போது நூலை எதிர்த்திசையில் இரண்டு மூன்று சுற்றுகள் திருப்பித் தளர்த்திவிட்டு இழுக்க வேண்டும்.

நூல் அறுந்தால் அறுந்த முனையைக் கூர்ந்து பார்க்கவும். முனை மென்மையாக, ஈர்க்குப் போலக் கூம்பி விரிந்திருந்தால் முறுக்குப் போதவில்லை. சட்டென்று முறிந்து, அருகிலுள்ள நூல் சுருண்டு சிக்காக நின்றால் முறுக்கு மிகுந்துவிட்டது. சரியான அளவை அறிய, புதிதாக நூற்ற நூலில் ஒரு சாண் எடுத்து மடித்துத் தொங்கவிட்டால் போதும்: இரண்டு பாதிகளும் தாமாகவே ஒன்றைச் சுற்றி ஒன்று அமையும். அந்த அமைப்பு, பின்னர் இரட்டைப் புரியாக்கும்போது கிடைக்கவிருக்கும் நூலின் மாதிரியே.

பருத்தி கேட்கும் பொறுமை

கம்பளி கைவந்தவர் பருத்தியைத் தொட்டதும் எல்லாம் மறந்துபோனது போல் உணர்வது இயல்பு. இழை குட்டை, செதில் இல்லை, கதிரின் எடையைத் தாங்காது. இங்கே முனை ஊன்றிய தக்ளியோ இராட்டையோ வேண்டும். கொட்டை நீக்கி, அடித்து நொய்மையாக்கிய பஞ்சை மெல்லிய குச்சியின் மீது சுற்றி உருட்டிப் பட்டையாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கை தக்ளியைச் சுழற்ற, மறுகை பட்டையை இறுக்காமல், பறவைக்குஞ்சை ஏந்துவது போல ஏந்திப் பின்னோக்கிப் போக வேண்டும். இதில் நமக்குத் துணைசெய்யும் ஓர் இயல்பு உண்டு. நூலில் மெல்லிய இடங்களுக்குத்தான் முறுக்கு முதலில் போகும், அவை பூட்டிக்கொள்ளும். தடித்த இடங்கள் முறுக்குக் குறைவாகத் தளர்ந்திருப்பதால், இழுக்கும்போது அவை மட்டுமே மெலியும். ஆகவே, முடிச்சு முடிச்சாக வரும் நூலைக் கண்டு நிறுத்திவிடாமல், சற்று முறுக்கேற்றி மீண்டும் இழுத்தால் அது தானாகவே சீராகும். சீரானதும் இன்னும் கூடுதல் முறுக்கு ஏற்றிய பிறகே சுற்ற வேண்டும்.

மிக மெல்லிய துணியான டாக்கா மஸ்லினுக்கான நூல் இந்தக் கலையின் உச்சம். பூட்டி கர்ப்பாஸ் என்னும் பருத்தியின் குறுகிய இழைகளை, வாளை மீனின் தாடையெலும்பில் நெருக்கமாக அமைந்த நுண்பற்களால் சீவித் தூசு நீக்கி, கதிரின் முனையைச் சிப்பி ஓட்டில் ஊன்றி நூற்றார்கள். காற்றில் ஈரம் மிகுந்த அதிகாலையையும் மாலையையுமே அதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். காய்ந்த காற்றில் பருத்தி இழை விறைத்து எளிதில் அறும்; ஈரக்காற்றில் துவண்டு பணியும். நூல் ஓயாமல் அறுகிறது என்றால் கையைக் குறை சொல்வதற்கு முன் பக்கத்தில் ஈரத்துணி ஒன்றை விரித்துப் பார்க்கலாம்.

தண்டு நார்கள்

ஆளிச் செடியை அறுப்பதில்லை. நாரின் முழு நீளமும் வேண்டும் என்பதால் வேரோடு பிடுங்குகிறார்கள். நாரைத் தண்டோடு ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரைய, பனியில் விரித்தோ நீரில் அமிழ்த்தியோ ஊறவிட வேண்டும். பனியில் சில வாரங்களும், வெதுவெதுப்பான தேங்குநீரில் சில நாள்களும் ஆகும். ஒரு தண்டை ஒடித்து இழுத்தால் உள்ளிருக்கும் கட்டைப்பகுதி நாரை விட்டு முழுநீளத்துக்கும் கழன்று வர வேண்டும்; அதற்கு மேல் ஊறினால் நாரே வலுவிழக்கும். பிறகு தண்டை நொறுக்கி, சக்கையைத் தட்டி நீக்கி, ஆணிச் சீப்பில் இழுத்தால் நீண்ட நார் கையிலும் குட்டை நார் சீப்பிலும் தங்கும்.

சீவிய நாரை ஒரு கோலில் விசிறிபோல விரித்துக் கட்டி, அதிலிருந்து சில நார்களாக உருவி நூற்க வேண்டும். விரல் நுனிகள் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். ஈரம் நாரின் பசைத்தன்மையை இளக்கி, சிலும்புகளைப் படியவைக்கும். ஆளி நார் காயும்போது இயல்பாகவே இடஞ்சுழியாகத் திரும்புவதால், கதிரை இடஞ்சுழியாகச் சுழற்றி நூற்பவர்கள் பலர். சணல், இமயத்துக் காஞ்சொறி ஆகியவற்றுக்கும் வழி ஏறத்தாழ இதுவே. நேபாளத்தில் காஞ்சொறிப் பட்டையை மரச்சாம்பல் நீரில் கொதிக்கவைத்து நாரைப் பிரிக்கிறார்கள்.

சில மக்கள் நாரை இழுத்து நூற்பதே இல்லை. கொரியாவின் ஹன்சான் வட்டாரத்தில் ராமி என்னும் செடியின் பட்டையைப் பல்லால் மயிரிழையாகக் கிழித்து, ஒன்றின் நுனியை அடுத்ததன் நுனியோடு முழங்காலில் வைத்து உருட்டி ஒட்டுகிறார்கள். 2011-ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் அந்த நூலால் நெய்யும் நெசவைச் சேர்த்தது. பழைய எகிப்தியரும் ஆளி நாரை இவ்வாறு நுனி சேர்த்துவிட்டு, உட்புறம் வளையம் வைத்த மண்கிண்ணங்களின் வழியே இழுத்துப் பின்னர் முறுக்கினார்கள். மியான்மரின் இன்லே ஏரியில் தாமரைத் தண்டுகள் சிலவற்றைச் சேர்த்துக் கீறி, ஒடித்து, மெல்லப் பிரித்தால் சிலந்தியிழை போன்ற நுண்ணிழைகள் நீள்கின்றன. ஈரப்பலகையில் அவற்றை உள்ளங்கையால் உருட்டி நூலாக்குகிறார்கள். தண்டு காய்ந்துவிட்டால் அந்த இழை வராது.

புரி சேர்த்தலும் பதப்படுத்தலும்

ஒற்றை நூலை ஓர் இரவு கதிரிலேயே விட்டுவைத்தால் முறுக்கு அடங்கும். பிறகு இரண்டு நூல்களைச் சேர்த்து, நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் முறுக்க வேண்டும்; ஒன்றின் சுருளும் போக்கை மற்றதன் போக்கு ஈடுசெய்வதால் நூல் நேராக நிற்கும். இந்த அறிவு வியப்பூட்டும் அளவுக்குப் பழையது. பிரான்சின் அப்ரி து மாராஸ் பாறை ஒதுக்கிடத்தில் கிடைத்து 2020-இல் வெளியான கயிற்றுத் துணுக்கு 40,000 ஆண்டுகளுக்கும் முந்தைய நியண்டர்தால் மனிதருடையது. மரப்பட்டை நாரின் மூன்று புரிகள் ஒரு திசையில் முறுக்கப்பட்டு, எதிர்த்திசையில் ஒன்றாகத் திரிக்கப்பட்டிருந்தன. ஆந்திஸ் மக்கள் வழக்கமான திசைக்கு மாறாக முறுக்கிய நூலை ய்யோக்கே என்று தனியே பெயரிட்டு, காப்பு நூலாகப் போற்றினார்கள். துணியின் ஓரங்களிலும் அதை இட்டார்கள்.

முடிந்த நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டவும். கம்பளிச் சிட்டத்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரு கைகளாலும் விரித்து உதறி, எடை கட்டாமல் நிழலில் தொங்கவிடுவது போதும். பருத்தி, ஆளி நூல்களைச் சிட்டிகைச் சலவைச் சோடா சேர்த்துக் கொதிக்கவைக்க வேண்டும்; மெழுகும் பெக்டினும் கழிந்து நீர் பழுப்பாக மாறும், நூல் அதன் பிறகே நீரை உறிஞ்சத் தொடங்கும். காயவைக்கும் முன் ஒவ்வொரு சிட்டத்திலிருந்தும் ஒரு முழ நூலையும், நூற்காத இழையில் ஒரு கற்றையையும் அட்டையில் ஒட்டி, இழையின் நீளம், கதிரின் எடை, முறுக்கிய திசை ஆகியவற்றை எழுதி வைக்கவும். அடுத்த சிட்டத்தை இதே தடிமனில் நூற்க, அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சில முழத்துக்கும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.